வயதான பூனை ஓயாமல் சாப்பாடு கேட்டால்: முதலில் எடைபோட்டுப் பாருங்கள்

பன்னிரண்டு, பதினான்கு வயதான பூனை விடியற்காலை 4 மணிக்கே படுக்கையறைக் கதவைப் பிராண்டுகிறது. தட்டு காலியாகிப் பத்து நிமிடம் ஆகவில்லை, மறுபடியும் காலைச் சுற்றி வந்து கத்துகிறது. சமையலறையில் ஒரு பாத்திரம் அசைந்தால் போதும், தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வருகிறது. வீட்டார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். “பாவம், வயசாயிடுச்சு” என்று இன்னொரு கைப்பிடி போடுவார்கள். இல்லாவிட்டால் “இப்பத்தானே தின்ன” என்று அதட்டி விரட்டுவார்கள்.

பூனை ஏன் கேட்கிறது என்பது இரண்டிலுமே தெரியாமல் போகிறது. இளம் பூனை ஓயாமல் கேட்டால் அது பெரும்பாலும் பழக்கம். பத்து வயதைத் தாண்டிய பூனைக்குத் திடீரென்று பசி கூடினால், அது நோயின் முதல் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நோய்களில் பல, நேரத்தோடு தெரிந்தால் கட்டுக்குள் வைக்கக்கூடியவை.

புக்கிட் மேரா போன்ற பேட்டைகளில் இந்த விஷயத்துக்கு இப்போது தனி முக்கியத்துவம் உண்டு. ரெட்ஹில், ஹெண்டர்சன், தெலுக் பிளாங்கா என்று பரந்துள்ள இந்த வட்டாரம், மூத்தோர் அதிகம் வாழும் பழைய பேட்டைகளில் ஒன்று. தனியாக அல்லது இருவராக இருக்கும் மூத்தோர் பலருக்குப் பூனையே பேச்சுத்துணை. ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க மூன்று பதிற்றாண்டுகளுக்கும் மேலாக அனுமதி இருக்கவில்லை. வளர்த்தவர்கள் சத்தமில்லாமல் வளர்த்தார்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் விவகாரமாகுமோ என்று தயங்கியவர்களும் அவர்களில் உண்டு.

2024 செப்டம்பர் 1ஆம் தேதி அந்தத் தடை நீங்கியது. கழக வீடொன்றில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் உரிமம் பெற வேண்டும். பூனைக்கு மைக்ரோசிப் பொருத்த வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரை மாற்றக் காலம் வகுக்கப்பட்டது. கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்தக் காலத்தில் உரிமம் இலவசம். குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்கு இலவசக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் செய்துதரும் உதவித் திட்டமும் கூடவே தொடங்கியது.

பல ஆண்டு வீட்டுக்குள்ளேயே இருந்த வயதான பூனைகள் சில, இந்த மைக்ரோசிப்புக்காகவே முதல்முறையாக மருத்துவரின் மேசைக்குப் போகின்றன. மைக்ரோசிப் ஓர் ஊசியோடு முடிகிற வேலை. மயக்க மருந்து தேவையில்லை. அந்த ஒரு பயணத்திலேயே எடை பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, இரத்தப் பரிசோதனைக்கும் கேட்டுவிடுவது கெட்டிக்காரத்தனம். “எப்பவும் பசிக்குது டாக்டர்” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறந்துவிடக் கூடாது.

எடை சொல்லும் கதை

மருத்துவரிடம் போகும் முன்பே வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் பூனையின் எடையைப் பார்த்து எழுதி வைப்பதுதான் அது. மனிதர் நிற்கும் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்க்கலாம். ஆனால் அதில் 100, 200 கிராம் முன்னே பின்னே காட்டும். பயணப்பெட்டியைத் தொங்கவிட்டு எடைபோடும் சின்னத் தராசு பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. பூனையைக் கூண்டில் வைத்து அதில் தொங்கவிட்டு, கூண்டின் எடையைக் கழித்தால் இன்னும் துல்லியமாக வரும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கலாம். 4 கிலோ பூனை 200 கிராம் இழந்தால் அது உடல் எடையில் 5 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 3 கிலோ இழந்ததற்குச் சமம். மனிதரில் கண்ணுக்குத் தெரியும்; ரோமம் அடர்ந்த பூனையில் தெரியாது. முதுகெலும்பு கையில் தட்டுப்படும்போது பல மாதங்கள் கடந்திருக்கும்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது என்றால் பழக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எடை ஏறுகிறது, பூனை மற்றபடி சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் பழக்கமும் அளவில்லாத உணவும் காரணமாக இருக்கலாம். எடை அப்படியே நிற்க, பசி மட்டும் புதிதாகக் கூடியிருந்தால் பரிசோதனை செய்துகொள்வதே நல்லது.

பசியைத் தூண்டும் நோய்கள்

முதலில் சந்தேகிக்க வேண்டியது தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது. பூனைகளுக்கு இந்த நோய் உண்டு என்பதே 1979ஆம் ஆண்டு நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் விவரித்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. பிரிட்டனில் பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு இது இருக்கிறது. ஹாங்காங்கில் 2009ல் வெளியான ஆய்வில் அதே வயதுப் பூனைகளில் சுமார் 4 விழுக்காட்டுக்கு இருந்தது.

கழுத்தில் உள்ள இந்தச் சுரப்பி அதிகமாகச் சுரந்தால் உடல் இயந்திரம் ஓயாமல் வேகமாக ஓடுகிறது. எவ்வளவு தின்றாலும் எரிந்துபோகிறது. பூனை மெலியும், கத்தும், இரவில் நடமாடும், சில நேரம் வாந்தி எடுக்கும். வயதான பூனை குட்டிபோல் துள்ளுகிறதே என்று வீட்டார் மகிழ்ந்துபோவதும் உண்டு. உள்ளே இதயம் படபடத்துக்கொண்டிருக்கும். இரத்த அழுத்தமும் ஏறலாம். அழுத்தம் மிக அதிகமானால் ஒரே நாளில் பார்வை போய்விடும்.

பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மெத்திமசோல் என்ற மருந்தை மாத்திரையாகத் தினமும் கொடுக்கலாம். மாத்திரை விழுங்க மறுக்கும் பூனைக்கு, காது மடலின் உள்பக்கம் கையுறை போட்டுத் தடவும் களிம்பாகவும் மருந்து உண்டு. அறுவை சிகிச்சையும் கதிரியக்க அயோடின் சிகிச்சையும் நோயை நிரந்தரமாகத் தீர்க்கக்கூடியவை. செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அயோடின் குறைத்த தனி உணவாலும் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்த உணவைத் தவிர வேறு ஒரு வாய்கூட உள்ளே போகக் கூடாது. பக்கத்து வீட்டார் அன்போடு நீட்டும் மீன் துண்டு ஒன்றே சிகிச்சையைக் கெடுத்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தைராய்டு வேகம் சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டத்தைக் கூட்டி, அங்கே இருக்கும் பழுதை மறைத்து வைக்கும். மருந்து தொடங்கிய சில வாரங்களில் சிறுநீரகத்தை மீண்டும் சோதிக்கச் சொல்வது அதனால்தான். வீண் செலவு என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது நீரிழிவு. மனிதருக்கு வருவது போலவே பூனைக்கும் வரும். கருத்தடை செய்த பருமனான ஆண் பூனைகளுக்குக் கூடுதலாக வரும். பசியோடு தாகமும் சேர்ந்திருப்பது இதன் அடையாளம். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். கழிவுத் தட்டில் மணல் கட்டிகள் முன்பைவிடப் பெரிதாக, அதிகமாக இருக்கும். முற்றிய நிலையில் பின்னங்கால் பலமிழந்து, குதிகால் தரையில் படும்படி நடக்கும். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை இன்சுலின் ஊசி போட வேண்டிவரும். கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ள மூத்தோர் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்; முடியாத சிகிச்சையை ஒப்புக்கொண்டு வந்து பாதியில் விடுவது பூனைக்கு ஆபத்து. ஆறுதலான செய்தி: தொடக்கத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுக்கப்பட்ட பூனைகளில் கணிசமானவை சில மாதங்களில் ஊசி தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன.

குடல் அழற்சி, குடலில் மெதுவாக வளரும் ஒருவகைப் புற்றுநோய், குடற்புழுக்கள் ஆகியவையும் தின்றதை உடலில் ஒட்டவிடாமல் பசியைக் கூட்டும். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் பூனைக்கு அந்த மருந்தாலேயே பசி பெருகும்.

பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் பூனை மெலிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தால்? அதற்கு உண்மையிலேயே போதவில்லை என்று பொருள். 12 வயதைத் தாண்டிய பூனைகளில் சுமார் மூன்றில் ஒன்றுக்குக் கொழுப்பைச் செரிக்கும் திறன் குறைகிறது. 14 வயதைத் தாண்டியவற்றில் சுமார் ஐந்தில் ஒன்றுக்குப் புரதமும் அப்படித்தான். 15 வயதுப் பூனை, மனிதக் கணக்கில் 75ஐத் தாண்டியது. அதற்கு உணவைக் குறைக்கக் கூடாது. எளிதில் செரிக்கும், புரதம் மிகுந்த ஈர உணவைச் சிறுசிறு அளவாக நான்கைந்து வேளை கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

கேட்கும், ஆனால் தின்னாது

சில பூனைகள் அழுது அழைக்கும். தட்டை வைத்ததும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைக்கும். “ருசி பார்க்குது, செல்லம் கூடிப்போச்சு” என்று வீட்டார் வேறு டப்பாவைத் திறப்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது வாய். பல் வேர் அழுகியிருந்தால் பசி இருக்கும், மெல்ல முடியாது. தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்வது, உணவைக் கீழே தவறவிடுவது, வாயில் துர்நாற்றம், எச்சில் வழிவது ஆகியவை பல்வலியின் அறிகுறிகள். பல்லெல்லாம் சரியாக இருந்தால், சிறுநீரக நோயால் வரும் குமட்டலும் இப்படிச் செய்யும்.

மோப்பம் மங்கிய பூனைக்குக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உணவு மணமே இல்லாத ஒன்று. வெந்நீர் சில துளி கலந்து, கைக்கு வெதுவெதுப்பாகப் படும் அளவு சூடாக்கினால் தின்றுவிடும்.

நினைவு மங்கும் பூனைகளும் உண்டு. சாப்பிட்டதை மறந்து தட்டின் முன் நிற்கும். நள்ளிரவில் சுவரைப் பார்த்துக் கத்தும். காது கேட்காத பூனை தன் குரலே தனக்குக் கேட்காமல் உரக்கக் கத்தும். கூடத்தில் ஒரு மங்கலான விளக்கும், எப்போதும் ஒரே இடத்தில் வைக்கும் தட்டும் தண்ணீரும் இவற்றுக்கு உதவும்.

பழக்கம்தான் என்று உறுதியானால்

நோய் இல்லை, எடையும் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் பழக்கத்தைத் திருத்தும் பேச்சு. பெரும்பாலும் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் வீட்டுக்காரர்தான். பத்து முறை கத்தும்போது ஒன்பது முறை மறுத்துப் பத்தாவது முறை ஒரு துண்டு போட்டால், பத்து முறை கத்த வேண்டும் என்பதைப் பூனை கற்றுக்கொள்கிறது. எப்போதாவது கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைப்பதைவிட அதிகமாகக் கத்த வைக்கும்.

சராசரி 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி போதும். உலர் உணவு 100 கிராமில் 350 முதல் 400 கலோரி வரை இருக்கிறது. அப்படியானால், கணக்கில் வராமல் போகும் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், அதன் ஒரு நாள் தேவையில் கிட்டத்தட்ட பாதி. அம்மா காலையில், மகன் வேலைக்குப் போகும்போது, பணிப்பெண் மதியம், தாத்தா இரவில் என்று ஆளுக்கொரு கைப்பிடி போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நல்ல வழி ஒரு டப்பா. காலையில் அன்றைய மொத்த உணவையும் சமையலறைத் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். யார் போட்டாலும் அதிலிருந்துதான் போட வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். போட்டோமா இல்லையா என்று மறந்துபோகும் மூத்தோர் உள்ள வீட்டில் நாள்காட்டித் தாளில் வேளைக்கு ஒரு கோடு போடுவதும் உதவும். பூனை மட்டுமல்ல, போடுபவரும் மறக்கிற வயது வருகிறதே.

விடியற்காலைக் கத்தலுக்குத் தனி வைத்தியம் உண்டு. எழுந்தவுடன் உணவு போட்டால், மனிதர் எழுவதும் தட்டு நிறைவதும் பூனை மனத்தில் ஒன்றாகிவிடும். அதனால் அது எழுப்பப் பார்க்கும். எழுந்து, காப்பி குடித்து, அரை மணி கழித்துப் போட வேண்டும். குறித்த நேரத்தில் தானே திறக்கும் உணவுப் பெட்டி வாங்கினால், பூனை மனிதரை விட்டுவிட்டு அந்தப் பெட்டியின் முன்னால் போய் உட்காரும். படுக்கப்போகும் முன் பத்து நிமிட விளையாட்டும் பிறகு சிறிது ஈர உணவும் கொடுத்தால் தூக்கம் நீளும்.

கத்தலுக்கு இணங்குவதை நிறுத்தியதும் முதல் சில நாள் சத்தம் குறையாது, கூடும். பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தாழ்வாரத்தில் ஒலி எதிரொலிக்கும் புளோக்கில் இது அண்டை வீட்டாருக்கும் தொல்லை. முன்கூட்டியே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், நகர மன்றத்துக்குப் புகார் போகாது.

பூனை கேட்பதெல்லாம் உணவும் அல்ல. பகல் முழுதும் தனியாக இருந்த பூனைக்கு, சீப்பால் வாருவதும் மடியில் கொஞ்ச நேரம் வைத்திருப்பதும் பல வேளை போதும். பூனைக்குக் கொடுப்பதே அன்றைய ஒரே வேலையாக இருக்கும் மூத்தவரிடம் “கொடுக்காதீர்கள்” என்று சொல்வது நடக்காது. கொடுக்கும் பொருளை மாற்றச் சொல்லலாம். டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக ஐந்து உருண்டை கொடுத்தாலும் கொடுத்த மகிழ்ச்சி ஒன்றுதான்.

குண்டுப் பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்க நினைப்பது ஆபத்தான வேலை. பருமனான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே மோசமாகலாம். வாரத்துக்கு உடல் எடையில் 1 விழுக்காடு குறைந்தால் போதும். 6 கிலோ பூனைக்கு அது 60 கிராம்.

நம் சமையலறையிலிருந்து

கெஞ்சும் பூனைக்கு மீன்குழம்புச் சோறு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாக உள்ளது. அந்தக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும், பூனையின் சிவப்பணுக்கள் பாதிக்கப்படுவதற்கு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கருவாடு, நெத்திலி ஆகியவற்றின் உப்பு, இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ள வயதான பூனைக்கு ஆகாது. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும். சோறு வயிற்றை நிரப்பும், பசியை ஆற்றாது. பூனை இறைச்சி உண்ணவே படைக்கப்பட்ட உடல். டாரின் என்ற சத்து போதாவிட்டால் பூனையின் இதயம் பலவீனமடையும் என்பது 1987ல் உறுதியானது. தரமான பூனை உணவுகளில் அது சேர்க்கப்படுகிறது. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து முள் எடுத்த மீனோ கோழியோ கட்டைவிரல் நுனியளவு கொடுக்கலாம். அதையும் டப்பாக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் வாழும் சமூகப் பூனைகளின் கதை சற்று வேறு. இடது காது நுனி வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட பூனை. வருவோர் போவோர் எல்லாரிடமும் கேட்கும் வயதான சமூகப் பூனைக்கு யார் எவ்வளவு போடுகிறார்கள் என்பது எவருக்கும் தெரியாது. மெலிகிறதா என்று பார்க்கவும் ஆளில்லை. வழக்கமாக உணவு கொடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசி, நேரத்தைப் பங்கிட்டு, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தால் மெலிவு தெரிந்துவிடும்.

மருத்துவரிடம் போகும் நாளுக்கு, எழுதிய எடைக் கணக்கோடு, பூனை கத்துவதையும் தின்பதையும் கைப்பேசியில் எடுத்த ஒரு காணொளியும் கொண்டுபோகலாம். மருந்தகத்தில் பயந்து ஒடுங்கும் பூனை எதையும் காட்டாது. கூண்டை ஒரு வாரம் முன்பே கூடத்தில் திறந்து வைத்து உள்ளே உணவு வைத்துப் பழக்கினால், அன்று காலை கட்டிலடியில் துரத்த வேண்டியிருக்காது. தினமும் கத்திக் கேட்ட வயதான பூனை ஒரு நாள் முழுதும் கேட்காமலும் தின்னாமலும் இருந்தால், குறித்து வைத்த தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே கொண்டுபோக வேண்டும்.